கால் மேல் பழி

விக்கிற வண்டிக்கு எதுக்கு டைமிங் என்று காலையில் புருசன் ஜக்கையன் கேட்டாரே, அந்தக் கேள்வி மத்தியானம் ஆகியும் பவுன்தாயின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. விக்கிற வண்டியாம். விற்றுவிட்டால் அது வண்டி இல்லையா, வாங்குகிறவன் மனுசன் இல்லையா, அவன் மலையேற மாட்டானா? சாயங்காலம் விலை பேசிவிட்டுப் போன தேவாரத்துக்காரர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போகப்போகிறார். இழுக்காத வண்டியை இழுக்கும் என்று சொல்லி அடுத்தவர் தலையில் கட்டுகிற வேலை பவுன்தாயிடம் நடக்காது. கட்டிய புருசனே சொன்னாலும் நடக்காது. அதனால்தான் அவர் வேண்டாம் வேண்டாம் என்று முனகிக்கொண்டிருக்கும்போதே பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்து, டீசல் பம்பின் முதல் குழாயையும் அதன் அடியில் இருக்கிற குட்டி வால்வையும் அவளே கழற்றிவிட்டாள். கழற்றிய பிறகு அவர் என்ன செய்வார்? ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து குந்தினார். இன்ஜினைத் திருப்ப வலுவான கை வேண்டும், சொட்டைப் பார்க்கக் கண் வேண்டும். கை அவரிடம் இருந்தது, கண் அவளிடம் இருந்தது. சர்க்கரை வந்து அவர் கண்ணில் பாதிக்கு மேல் தின்றுவிட்ட பிறகு இந்த வீட்டில் எல்லா வேலையும் இப்படித்தான் ஆளுக்குப் பாதியாக நடக்கிறது, வண்டி ஓட்டுவதைத் தவிர. அதை முழுசாக அவள்தான் செய்தாள். முந்தலிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறைக்குக் காய்கறியும் உரமும் கொண்டுபோய் இறக்கி, ஏலக்காய் மூட்டையோடு திரும்பி வருவாள். இந்த மலைப் பாதையில் சரக்கு வண்டி ஓட்டுகிற பொம்பளை அவள் ஒருத்திதான். ஒருத்தியாக இருந்தாள். இன்று சாயங்காலத்தோடு அதுவும் முடிந்தது.

"திருப்பவா பவுனு?" என்றார். "திருப்புங்க. மெதுவா. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்" என்றாள். பம்பின் தலையில் குழாய் இருந்த இடத்தில், வாத்துக் கழுத்துப் போல வளைந்த சின்னக் குழாய் ஒன்றை மாட்டியிருந்தாள். இடது கையால் கைப்பம்பை அமுக்க அமுக்க அதன் வாயிலிருந்து டீசல் ஒழுகியது. முன்னால் அவர் இன்ஜினைத் திருப்பத் திருப்ப ஒழுக்கு மெலியும், நூலாகும், நூல் அறுந்து சொட்டாகும், சொட்டு நின்றுபோகும். நிற்கிற அந்த நொடியில்தான் இன்ஜினுக்குள் டீசல் பீய்ச்ச ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அந்த நொடியில், இன்ஜினுக்கு முன்னால் சுற்றுகிற புல்லியில் இருக்கிற கோடு, பக்கத்தில் நீட்டியிருக்கிற முள்ளுக்கு நேராக நிற்க வேண்டும். முந்தினால் இன்ஜின் உடைந்துபோகிற மாதிரி இடிக்கும். பிந்தினால் சத்தமில்லாமல் சாதுவாக ஓடும், ஆனால் மேட்டில் இழுக்காது, வெள்ளைப் புகை கக்கும், சூடேறும். டைமிங் என்கிறது அவ்வளவுதான். சொல்லும்போது ரொம்ப லேசு. ஆனால் பம்பு விசயத்தில் ஜக்கையன் இத்தனை வருசமாக எந்த மெக்கானிக்கையும் கைவைக்க விட்டதில்லை. நாசிலைப் பார், ஃபில்டரைப் பார், கிளட்ச் பிளேட்டைக் கழற்றிப் பார், பம்பை மட்டும் தொடாதே, அது என் கைராசி என்பார். சரி, கைராசிக்காரர் ஆயிற்றே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். கடைசியில் வண்டி மேட்டில் இழுக்காமல் போனபோதும் போடி மெக்கானிக் பம்பைத் தொடாமல் மற்றதையெல்லாம் கழற்றிக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிளேட்டு புதுசு மாதிரி இருக்கு, நாசில் சுத்தமா இருக்கு, வண்டியில ஒண்ணும் இல்லக்கா என்று கையைத் துடைத்துக்கொண்டான். வண்டியில் ஒன்றும் இல்லை என்றால் குற்றம் வேறு எங்கே இருக்கும்? ஓட்டுகிறவளிடம்தான்.

கால். அங்கேதான் எல்லாம் வந்து நின்றது. "உனக்குக் கால் சரியில்ல பவுனு. உனக்கே தெரியாம கிளட்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுறே. அதான் இழுக்க மாட்டேங்குது" என்று முதலில் வீட்டுக்குள் சொன்னார். அப்புறம் எதிரே சுருளிவேல் டீக்கடையில் நாலு பேர் நடுவில் சொன்னார். எம் பொண்டாட்டிக்கு கிளட்சுதான் தலையணை, காலை அதுமேல படுக்கப் போட்டுக்கிட்டுதான் மலையேறுவா என்று சொன்னாரே, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் டீயைத் துப்பிச் சிரித்தார்களே. அவர்கள் சிரித்ததுகூடப் பெரிசில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு பற்றி எரிகிறது. தன்னைப் பற்றிய பொய்க்குத் தானே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள் ஒருத்தி. பொய்யா? பொய் என்று எப்படித் தெரியும்? அன்றைக்கு அது நிஜம் என்றுதானே நினைத்தாள். குளிக்கும்போது இடது காலைத் தூக்கிக் கல்லில் வைத்துப் பார்த்தாள். கணுக்கால் வீங்கியிருக்கிறதா, விரல் மரத்திருக்கிறதா, சர்க்கரை இவளுக்கும் வந்துவிட்டதா? செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தாள். கிளட்சிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றி, ஊன்றியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள், மலைப் பாதையில், வளைவில், எதிரே பஸ் வரும்போது! அப்படிப் பார்த்ததில்தான் ஒருநாள் தடுப்புச் சுவரை உரசினாள். பார்த்தாயா, கால் சரியில்லாத பொம்பளை சுவரையே இடித்துவிட்டாள் என்று அதையும் அவள் கணக்கில் எழுதினார்கள். தன் காலைத் தானே நம்பாதவள் எப்படி மலையேறுவாள்? முழங்காலை அமுக்கிவிடும்போது அது அடுத்த வீட்டுக்காரி கால் மாதிரி இருந்தது. கூலி வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் விருட்டென்று தாண்டிப் போகும், உள்ளிருந்து ஒருத்தி தலையை நீட்டி, "அக்கா, இறங்கித் தள்ளவா?" என்பாள். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். கண்ணாடியில் பார்த்தால் ரோடே தெரியாது, அவ்வளவு வெள்ளைப் புகை. சூடு காட்டுகிற முள் சிவப்புக்கு ஏறியதும் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பாள். போகிற வருகிற அத்தனை டிரைவரும் மெதுவாக்கி, அவளைப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

"நின்னுருச்சா?" என்று அவர் கேட்டார். நின்றேவிட்டது. எங்கோ போய்விட்டு வந்தவளாகத் திடுக்கிட்டு, "நிறுத்துங்க" என்றாள். கைப்பம்பை விட்டுவிட்டு எட்டிக் குனிந்து புல்லியைப் பார்த்தாள். கோடு முள்ளைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. கொஞ்சநஞ்சம் இல்லை, ஒரு விரல் தாண்டி. "கோடு தாண்டிக் கிடக்குங்க. பம்பு ரொம்பப் பிந்தி இருக்கு" என்றாள். "நீ நிறுத்துன்னு லேட்டாச் சொல்லியிருப்பே. சொட்டு நின்னு எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும். உனக்குப் பார்க்கத் தெரியல" என்றார். அதுவும் உண்மைதானோ? நினைப்பு டீக்கடைக்குப் போய்விட்டது, கண் சொட்டில் இல்லை. "மறுபடி சுத்துங்க" என்றாள். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே இன்ஜினை முழுச்சுற்று சுற்றிக் கொண்டுவந்தார். இந்தத் தடவை பவுன்தாய் மூச்சைக்கூட அளந்து விட்டாள். ஒழுக்கு, நூல், சொட்டு. சொட்டு ஒன்று குழாயின் உதட்டில் தொங்கிக்கொண்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. விழுந்தது. அடுத்தது ஊறி வரவில்லை. "நிறுத்துங்க." கோடு அதே இடத்தில், அதே விரல் அளவு தாண்டி நின்றது. "தாண்டித்தான் இருக்கு." "உன் கண்ணுல ஏதோ கோளாறு" என்றார் அவர். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ சுளீர் என்றது. முதலில் கால், இப்போது கண்ணா? நாளைக்குக் கை, மறுநாள் காது, இப்படி ஒவ்வொன்றாகக் கோளாறு சொல்லிக் கழற்றிக்கொண்டே போனால் கடைசியில் அடுப்படியில் உட்கார ஒரு முதுகு மட்டும் மிச்சமிருக்கும், அதுதான் வேண்டுமா? அதே நேரத்தில் பயமும் வந்தது. நிஜமாகவே கண்ணும் போய்க்கொண்டிருந்தால்? அவருக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது, கோடு ரெண்டாகத் தெரிகிறது என்று. அவள் டீக்கடைப் பலகையைப் பார்த்தாள். பஜ்ஜி, போண்டா, பால்கோவா. அதற்குக் கீழே பொடி எழுத்தில் கடன் சொல்லாதீர். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கும் பின்னால் மலை, மலையில் பாதை வளைகிற இடம், அங்கே ஏறிக்கொண்டிருந்த லாரியின் தார்ப்பாய் நீலம். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. என் கண்ணில் ஒரு மண்ணும் இல்லை என்று மனசுக்குள் கத்தினாள்.

பம்பைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும் என்றால், அதை இன்ஜினோடு பிடித்திருக்கிற நட்டுகளைத் தளர்த்த வேண்டும். அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் குனிந்ததும் ஜக்கையன் எழுந்துவிட்டார். "இரு, இரு. அது உனக்கு எட்டாது. பின்பக்க நட்டு மறைஞ்சுக்கிட்டு இருக்கும். நான் தளர்த்துறேன், நீ தள்ளு" என்றார். வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவித் தடவி நடக்கிற மனுசன், பம்பருக்கு முன்னாலிருந்து பக்கவாட்டுக்கு ஓட்டமாக வந்தார். வந்த வேகத்தில் டூல் பெட்டியில் தடுக்கிக்கொண்டார். இவருக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியபோதே கை கந்தலால் பம்பின் விளிம்பைத் துடைத்துவிட்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு போனதும் அடியில் பழைய கோடுகள் தெரிந்தன. கம்பெனி வெட்டியவை, பம்பு பக்கம் ஒன்று, இன்ஜின் பக்கம் ஒன்று. இரண்டும் நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை, விலகியிருந்தன. விலகிய இடத்தில் புதுசாக ஒரு வெட்டு மினுமினுத்தது. உளியால் கீறிய கோடு இல்லை. அரத்தால் ராவிய பள்ளம். கட்டைவிரல் நகம் உள்ளே உட்காருகிற அளவு ஆழம். இந்தத் தொழிலில் யார் பம்பில் குறி வைத்தாலும் கீறத்தான் கீறுவார்கள், கண்ணால் பார்க்க. ராவி வைக்கிறவன் ஒருத்தன்தான் உண்டு. மாத்திரை டப்பா மூடியில், கேஸ் அடுப்புக் குமிழில், வீட்டுச் சாவியில், டார்ச்சில், எங்கே எது என்று விரலுக்குத் தெரிவதற்காக வீடு முழுக்க ராவி வைத்திருக்கிற ஒருத்தன். கண் தெரியாதவன் வைக்கிற குறி அது.

அவள் கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்து அப்படியே இருந்தாள். விரல் அளவாகப் பொருந்தியது. இவ்வளவு நாளும் காலைத் தடவியது, வெறுங்காலோடு ஓட்டியது, கல் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியது, இறங்கித் தள்ளவா அக்கா, சுவர், சிரிப்பு, தேவாரத்துக்காரர், எல்லாம் இந்த ஒரு பள்ளத்துக்குள் இருந்து வந்ததா? யாரோ தெரியாத மெக்கானிக் சொதப்பியிருந்தால் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பாள். தானாகத் தளர்ந்து நகர்ந்திருந்தால் விதி என்று விட்டிருப்பாள். ராவி அல்லவா வைத்திருக்கிறார்! குறி வைத்து, அளவு பார்த்து, இந்த அளவுக்குப் பிந்தினால் மலை ஏறாது, ஆனால் சமதளத்தில் ஓடும் என்று கணக்குப் போட்டு, பொறுமையாக உட்கார்ந்து ராவியிருக்கிறார். ராவும்போது அவள் எங்கே இருந்தாள்? உள்ளே அவருக்குக் கேப்பைக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்திருப்பாள். ஆற்றி, சூடு பார்த்து, கையில் கொடுத்திருப்பாள். கூழைக் குடித்துவிட்டு டீக்கடைக்குப் போய், எம் பொண்டாட்டிக்கு கிளட்சுதான் தலையணை என்றிருக்கிறார். இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறார், மூச்சு வாங்குகிறது, கை காற்றில் துழாவி வண்டியின் விளிம்பைப் பிடிக்கிறது. அவருக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று. பார்க்காமலே தெரிந்துவிட்டது.

"எதுக்கு?" என்றாள். குரல் கத்தலாக வரும் என்று நினைத்தாள், வரவில்லை. "சொல்லுய்யா. எதுக்கு இப்படிப் பண்ணினே?" கல்யாணம் ஆனதிலிருந்து அவரை நீ என்று சொன்னதில்லை. அதுவும் வந்துவிட்டது. ஜக்கையன் ரேடியேட்டரைத் தடவிக்கொண்டு சொன்னார்: "முன்னாடியெல்லாம் இருட்டுனா வாசல்ல வந்து நிப்பேன் பவுனு. மலையில லைட்டு இறங்குறது தெரியும். ஒரு லைட்டு மட்டும் மஞ்சளா இருக்கும், நம்ம வண்டி. இந்தா அந்த வளைவு வந்துட்டா, இந்தா அடுத்த வளைவுன்னு எண்ணிக்கிட்டு நிப்பேன். இப்ப ஒரு லைட்டும் தெரியல. மலையே தெரியல. நீ வர்ற வரைக்கும் நான் என்ன பண்றது? மேல ஒரு வண்டி உருண்டுச்சுன்னா யாரோ ஓடிவந்து எங்கிட்டதான் சொல்லுவாங்க. அதைக் கேக்கறதுக்காகத்தான் தெனமும் உட்கார்ந்திருக்கேன்." கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. துடைக்காமல் நின்றதில் பவுன்தாய்க்கு இன்னும் கோபம்தான் வந்தது. இதைக் கேட்டு நான் உருகணுமா? உருகினால் இந்தக் காலுக்கு யார் பதில் சொல்வது? அவர் பயந்ததில் ஒரு குற்றமும் இல்லை. அவளே எத்தனை தடவை பயந்திருக்கிறாள், அவர் ஓட்டிய காலத்தில், அடுப்பில் சோறு குழைவது தெரியாமல். அவள் பிரேக்கைக் கழற்றி வைத்தாளா? அவர் கையில் நடுக்கம் இருக்கிறது என்று ஊரில் சொல்லிச் சிரிக்க வைத்தாளா?

"பயமா இருக்குன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "சொன்னா நீ நிப்பியா?" என்றார். "நிக்க மாட்டேன். ஆனா தெரிஞ்சு போயிருப்பேன். சீக்கிரம் கெளம்பியிருப்பேன். செக்போஸ்ட்டுல இருந்து போன் போட்டிருப்பேன். வண்டிய மெதுவாக்கினே, சரி, அது இரும்பு, திருப்பி வச்சுக்கலாம். எங்காலக் கெட்ட காலுன்னு சொன்னியே, அத எந்த ஸ்பேனரப் போட்டுத் திருப்புறது? நம்ம காலு போச்சுன்னு நெனச்சுத்தானே சாவியக் குடுக்கச் சம்மதிச்சேன். என்னைய எனக்கே ஆகாம ஆக்கிட்டியே." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், டீசல் கண்ணில் பட்டு எரிந்தது, அந்த எரிச்சலுக்கும் அவரைத்தான் திட்டினாள். "போங்க, முன்னாடி போயி உட்காருங்க. திருப்பணும்" என்றாள். நீங்க என்கிற மரியாதை திரும்பி வந்துவிட்டது, கோபம் அப்படியே இருந்தது.

நட்டுகளைத் தளர்த்தினாள். பின்பக்க நட்டு எட்டவே செய்தது. பம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கம்பெனிக் கோட்டுக்கு நேராக நகர்த்தினாள். இம்மி நகர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. நட்டை இறுக்கினாள். "திருப்புங்க." ஒழுக்கு, நூல், சொட்டு. இந்தத் தடவை மனசு எங்கேயும் போகவில்லை. சொட்டு நின்றது, "நிறுத்துங்க", கோடு முள்ளுக்கு நேராக நின்றது. நம்பாமல் இன்னொரு முறை சுற்றச் சொன்னாள், அப்போதும் நேராகத்தான் நின்றது. வளைந்த குழாயைக் கழற்றி, குட்டி வால்வைச் சுத்தமான டீசலில் அலசி உள்ளே வைத்து, குழாயை மாட்டி, காற்றை வெளியேற்றினாள். அவர் ஸ்பேனரைப் பிடித்தபடி பம்பருக்கு முன்னால் குந்தியே இருந்தார், எழுந்திருக்கச் சொல்வார்களா மாட்டார்களா என்று தெரியாதவராக. "தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இரண்டு இருமல் இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதும் அந்தப் பழைய சத்தம் வந்தது, கட்டக் கட்டக் கட்ட என்று, முரட்டுச் சத்தம். இத்தனை நாள் எவ்வளவு சாதுவாக ஓடியது! பஞ்சு மாதிரி ஓடுது பாரு என்று அவர் மெச்சிக்கொண்டாரே! வலது காலால் ஆக்சிலேட்டரைத் தொட்டாள். தொட்டதும் வண்டி சிலிர்த்தது. கால் சொன்ன அந்தக் கணமே இன்ஜின் கேட்டது. இடது காலால் கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, மெல்ல விட்டாள். எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பாதம் துல்லியமாகச் சொன்னது. முழுசாக விட்டதும் கால் தானாகக் கீழே இறங்கி, அதற்கென்று இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தது. எப்போதும் இப்படித்தான் இருந்தது. ஒருநாள்கூடத் தவறவில்லை.

வாசலிலிருந்து ரோட்டோரம் வரை கொண்டுவந்து, டீக்கடைக்கு எதிரே நியூட்ரலில் போட்டு நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. ஜக்கையன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து, கதவைத் தடவிக் கண்டுபிடித்து, "நல்லா வந்துருச்சு பவுனு" என்றார். "எது?" என்றாள். "டைமிங்கு." "அதை நான் கேக்கல. எங்காலப் பத்திச் சொல்லுங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முனகினார். பவுன்தாய் ஆக்சிலேட்டரை அழுத்தினாள். "கேக்கல." அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். இன்னும் அழுத்தினாள், புகைக்குழாய் அதிர்ந்தது, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள், சுருளிவேல் டீ ஆற்றுகிற கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தார். "கேக்கலங்கறேன்ல!" ஜக்கையன் கதவை விட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் திரும்பினார். யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இன்ஜின் சத்தத்துக்கு மேலே, கழுத்து நரம்பு புடைக்க, "எம் பொண்டாட்டி காலு நல்லாத்தான்யா இருந்துச்சு! நாந்தான் பம்பத் திருப்பி வச்சேன்!" என்று கத்தினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

காலை எடுத்தாள். சத்தம் இறங்கியது. சொல்ல வைத்துவிட்டாள், ஊரே கேட்டுவிட்டது, ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. இது ஒரு நாளில் ஆறுகிற கோபம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. "தேவாரத்துக்காரர் வந்தா, வண்டி விக்கறதுக்கில்ல, மேல போயிருக்குன்னு சொல்லிருங்க" என்றாள். "லோடு இல்லாம எதுக்கு மேல போறே?" என்று கேட்டார் அவர். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே பின்வாங்கினார். கதவின் விளிம்பை மறுபடி பிடித்துக்கொண்டார். "நானும் கூட வரட்டா? சும்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்." பவுன்தாய் அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் எல்லாம் கருப்பு. இடது காலால் கிளட்சை மிதித்தாள்.

"நாளைக்கு வாங்க. இன்னைக்கு எங்காலு மட்டும் போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கியரைப் போட்டாள்.